மொட்டை மாடியில் ஒரு கூடு

சிப்பித்திடலுக்கு நான் மாற்றலாகி வந்தபோது அந்த ஊரில் ஒரு மனிதர்கூட இல்லை. பறவைகள் நிம்மதியாக முட்டையிட வேண்டும் என்று அரசே பாடுபட்டு அவர்களைக் கிளப்பியிருந்தது. இரண்டு வருடம் கழிந்தும் நிம்மதியான அந்த இடத்திலிருந்து ஒரு குஞ்சுகூடப் பிழைத்து வெளியே வரவில்லை. ஏன் என்று கண்டுபிடித்துச் சொல்ல என்னை அனுப்பினார்கள்.

என் பெயர் மேகலா. கூடு ஆணையத்தில் கள அலுவலர். தூத்துக்குடிக்கு வடக்கே கடலை ஒட்டிய பழைய உப்பளங்கள் என் எல்லை. ஆணையக் குடியிருப்பில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். வீட்டில் நானும் அப்பாவும்தான். பக்கவாதம் வந்து அவர் கட்டிலோடு கிடக்கிறார். வாய்க்கு மட்டும் எந்த வாதமும் வரவில்லை, நாள் முழுக்க என்னோடும் மின்விசிறியோடும் பேசிக்கொண்டிருப்பார்.

இந்த ஆணையத்தைத் திட்டுகிறவர்கள் அதிகம். அவர்களெல்லாம் வெட்டுக்கிளி ஆண்டுகளை மறந்தவர்கள். பறவைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துபோனபோது யாரும் கவலைப்படவில்லை. பிறகு பூச்சிகள் பெருகின, வெட்டுக்கிளி வந்தது, வயல்கள் மொட்டையாயின. ரேஷன் கடை வாசலில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அரை நாள் வரிசையில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரிசி எங்களுக்கு முந்தைய ஆளோடு தீர்ந்துபோனதும் நினைவிருக்கிறது. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் கூடு நிலச் சட்டம். அப்போது அதை எதிர்த்து ஒருவர் கைதூக்கவில்லை. இப்போது கேட்டாலும் அந்தச் சட்டத்தை நான் முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சட்டம் எளிமையானது. வானத்திலிருந்து பார்க்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அதற்கு அடைகாப்பான் என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கே எந்தக் கூடு, அதில் எத்தனை முட்டை, அதை எது அழிக்கப்போகிறது என்று அது சொல்லும். அது எதைக் காரணம் என்று சொல்கிறதோ அதை அகற்ற வேண்டும். சிப்பித்திடலில் முதலில் நாய்களைச் சொன்னது. பிடித்துப்போனார்கள். அடுத்து பூனைகள். அடுத்து காக்கைகளுக்காகக் குப்பைமேடு. கடைசியில், நாயும் பூனையும் குப்பையும் மனிதரிடமிருந்துதானே வருகின்றன என்று கணக்குப் போட்டு, ஊரையே சொன்னது. கணக்கில் பிழை கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

எங்கள் தோளில் ஒரு சிறிய கண் மாட்டியிருக்கும். நாங்கள் பார்க்கிற கூட்டை அதுவும் பார்க்கும், அடுத்த நொடி அடைகாப்பானுக்குச் சொல்லிவிடும். எழுதுவது, விட்டுப்போவது, மறப்பது என்ற பேச்சே கிடையாது. ஆணையத்தில் யாருக்கும் அதைக் கழற்றும் பழக்கமில்லை. குளிக்கப் போனால்கூட ஆணியில் மாட்டிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்போம், அவ்வளவுதான்.

முதல் நாள் சிப்பித்திடலுக்குள் நடந்தேன். கூரை பிரித்த வீடுகளுக்குள் சீமைக் கருவேலம் ஆளுயரத்துக்கு நின்றது. உப்புப் பாத்திகள் வெடித்துக் கிடந்தன. ஒரு வரப்பின் மேல் ஆள்காட்டிக் குருவியின் கூடு இருந்தது. கூடு என்றால் பெரிதாக நினைக்கக் கூடாது. தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றிலும் கொஞ்சம் கூழாங்கல். அதைத்தான் அந்தப் பறவை வீடு என்கிறது. அது காலியாக இருந்தது.

"கூடு தோல்வி. காரணம் நரி" என்று காதில் செருகிய பொத்தான் வழியே அடைகாப்பான் சொன்னது. அதற்கு நல்ல குரல், பொறுமையான வாத்தியார் குரல்.

"போன வாரம் தெற்கு வரப்பில் இருந்த கூடு?"

"கீரி."

"அதற்கு முன்னால்?"

"நரி. நரி. உடும்பு. நரி."

"ஊர் இருந்தபோது இங்கே நரி உண்டா?"

"ஊருக்குள் பதிவில்லை."

"ஏன் இல்லை?"

"தகவல் போதாது" என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் உள்ள முட்டையெல்லாம் தெரிந்த இயந்திரத்துக்கு இது தெரியவில்லை.

அலுவலகத்துக்கு வந்து அடைகாப்பான் எடுத்த பழைய படங்களை எடுத்துப் பரப்பினேன். ஊர் இருந்த காலத்தில் எந்தக் கூடு பிழைத்தது, எது போனது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வீடுகளிலிருந்து தள்ளி, கருவேலங்காட்டை ஒட்டி இருந்த கூடுகள் அப்போதும் பிழைக்கவில்லை. பிழைத்தவை எல்லாம் ஆள் நடக்கிற வரப்போரம், குழாயடி, லாரி நிற்கிற பொட்டல் பக்கம்தான். நாய் சில முட்டைகளைத் தின்றிருக்கிறது. ஆனால் நாய் குரைக்கிற இடத்துக்கு நரி வரவில்லை. பறவை அதைப் பார்த்துத்தான் இடம் பிடித்திருக்கிறது. பெரிய திருடனுக்குப் பயந்து சின்னத் திருடன் வீட்டுப் பக்கத்தில் குடியிருந்திருக்கிறது.

இருந்தாலும் அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று புறப்பட்டேன்.

அவர்களை வைத்திருந்த இடத்துக்குச் சிட்டுக்குருவி நகர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்த அதிகாரி கிண்டலுக்கு வைக்கவில்லை என்று நினைக்கும்போதுதான் கோபம் வருகிறது. நான்கு மாடிக் கட்டடங்கள், ஒன்றன் முதுகில் ஒன்று உரசுகிற மாதிரி. மேல் மாடியில் பூங்கனி என்ற பெண் கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கலாம். அளத்தில் உப்பு வாரியவள், இப்போது இறால் கம்பெனிக்குப் போகிறாள். கணவன் வேலை தேடிக் குஜராத் உப்பளத்துக்குப் போயிருந்தான். தோளில் இருந்த கண்ணைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. கதவை முழுக்கத் திறக்கவில்லை.

"இனி என்னத்த எடுக்க வந்திருக்கிய?" என்றாள்.

"எடுக்க வரவில்லை. கேட்க வந்தேன். உங்க ஊர்ல பறவை முட்டையை என்ன செய்வீங்க?"

"என்ன செய்வாவ? பிள்ளையோ எடுத்து அவிச்சுத் திங்கும். பாத்தா ஏசுவோம். பாக்கலன்னா தின்னுட்டுப் போவட்டும்னு விட்டுருவோம்." பிறகு என்னைப் பார்த்து, "அதுக்கு இப்ப ஜெயில்ல போடுவியளா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள், கதவு திறந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் பறவைகளைக் காப்பாற்றவில்லை. பறவைகளை அவர்கள் பெரிதாக நினைத்ததுகூட இல்லை. சும்மா அங்கே இருந்தார்கள். அவர்கள் இருந்தது மட்டும் போதுமாயிருந்தது. இதை அவளிடம் சொன்னேன்.

"அப்ப எங்கள ஏன் கிளப்பினாவ?" என்றாள்.

"தப்பாகக் கணக்குப் போட்டுட்டாங்க."

"தப்பா..." என்று இழுத்தாள். சுவரில் பாசிமணி மாலை போட்ட ஒரு சிறிய படம் இருந்தது. கைக்குழந்தை. "இந்த வீடு கட்டி முடிக்க வரைக்கும் எங்களத் தகரக் கொட்டகையில போட்டாவ. சித்திரை வெயில். உள்ள நின்னா தல கொதிக்கும். இவனுக்கு மூணு மாசம். ராத்திரி பூரா ஈரத்துணியப் போட்டு விசிறினேன். காலையில பால் குடிக்கல." படத்து மாலையை நேராக்கினாள். "மூத்தவ பள்ளிக்கூடம் போயிருக்கா. அவளுக்கு இங்கன பழகிட்டு. எனக்கும் பழகிட்டுன்னு வைங்களேன். திரும்ப அந்தக் கொட்டகைக்குன்னா நான் கடல்ல போய் விழுந்துருவேன்."

வருத்தப்படுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆணையத்தின் கண்ணைத் தோளில் மாட்டிக்கொண்டு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

காப்பி கொடுத்தாள். குடித்து முடித்ததும், நான் நல்லவள்தான் என்று தீர்மானித்துவிட்டவள் போல எழுந்தாள்.

"பறவையத் தேடித்தான வந்திருக்கிய? வாங்க, ஒண்ணு காட்டுதேன்."

படியேறி மொட்டை மாடிக்குப் போனோம். ஒப்பந்தக்காரர் தளம் போடாமல் சல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார். கதவைத் திறந்ததுமே தலைக்கு மேல் கத்தல் கிளம்பியது. இரண்டு ஆள்காட்டிகள் எங்களைச் சுற்றிச் சுற்றிப் பறந்து திட்டின. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருட வேலையில் அந்தப் பறவையை இவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதில்லை.

"அந்தா, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல. பாத்து வாங்க, மிதிச்சிராதிய."

சல்லிக்கு நடுவே சல்லி மாதிரியே நான்கு முட்டைகள். கூர்முனை உள்ளே பார்த்து, ஒன்றோடொன்று ஒட்டி.

"நாலு!" என்றாள், தானே இட்டவள் போல. "பிள்ளையள மேல வரக்கூடாதுன்னு சொல்லிட்டோம். துணியெல்லாம் இப்பம் கீழதான் காயுது. முன்ன நான் காக்காவுக்குச் சோறு இந்தச் செவத்து மேலதான் வைப்பேன். காக்கா வந்தா முட்டையப் பாத்திரும்லா, அதனால கீழ குழாயடியில வைக்கேன். எல்லாரையும் அங்ஙனதான் வைக்கச் சொல்லியிருக்கு. ஒரே ஒரு கவலதான். குஞ்சு பொரிஞ்சா இம்புட்டு உசரத்துலருந்து எப்பிடி எறங்கும்? சேலைய நாலு பேரு விரிச்சுப் பிடிக்கலாம்னு இருக்கோம்."

சிப்பித்திடலை விட்டு மனிதர்கள் போனதும் பறவைகளும் அவர்கள் பின்னாலேயே வந்திருக்கின்றன. நான் படங்களில் கண்டுபிடித்தது இங்கே கண் முன்னால் உயிரோடு இருந்தது. சந்தோஷத்தில் குனிந்து இன்னும் நன்றாகப் பார்த்தேன்.

"புதிய கூடு பதிவானது. நன்றி, மேகலா" என்றது காதுக்குள் அந்தக் குரல்.

உள்ளங்கையால் தோளை மூடினேன். மூடி என்ன பயன்? கதவைத் திறக்கும்போதே மூடியிருக்க வேண்டும். கழற்றிக் கீழே அவள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்க வேண்டும். அப்படி ஒரு எண்ணமே எனக்கு வரவில்லை. தோளில் அது இருப்பது எனக்குத் தெரிவதே இல்லை.

"என்ன மேடம், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு?"

சொன்னேன். இந்தப் பறவை ஒரு இடத்தில் ஒருமுறை குஞ்சு பொரித்தால் மறுவருடமும் அங்கேயே வரும். அதனால் குஞ்சு பொரித்த இடம் கூடு நிலம் ஆகிவிடும். சிப்பித்திடலுக்குப் பிறகு, கூடு நிலத்தில் ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. அடுத்த குடியிருப்பு கட்டி முடியும்வரை...

"கொட்டகையா?" என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பறவைகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன. பூங்கனி அவற்றை நிமிர்ந்து பார்த்தாள். "நாங்களா அதுட்டப் போனோம்? அதுல்லா எங்களத் தேடி வந்துச்சு" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. சொந்தக்காரர் வந்து கெடுத்துவிட்டுப் போன வருத்தம்தான் இருந்தது.

மறுநாளே ஆட்கள் வந்து கூட்டைப் பார்த்தபடி மாடியில் ஒரு கண்ணைப் பொருத்தினார்கள். குடியிருப்பு வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். நான் மண்டல இயக்குநர் கிருபாகரன் அறையில் போய் நின்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிற, வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை போடுகிற மனிதர். நான் பரப்பி வைத்த படங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார்.

"நீ சொல்றது சரிதான் மேகலா. ஆள் இருந்தாத்தான் கூடு பொழைக்குது. நல்லாக் கண்டுபிடிச்சிருக்கே."

"அப்ப அவங்களைச் சிப்பித்திடலுக்கே திருப்பிக் கொண்டுபோயிடலாமே சார். அவங்களுக்கும் நல்லது, பறவைக்கும் நல்லது."

"எந்தச் சட்டத்துல?"

"நம்ம சட்டத்துலதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம சட்டத்தை நீ முழுசாப் படிச்சிருக்கியா? அதுல அகற்றுன்னுதான் இருக்கு. நாயை அகற்று, குப்பையை அகற்று, ஆளை அகற்று. எதையாவது கொண்டுவந்து வைன்னு ஒரு வரி கிடையாது. எழுதினவனுக்குத் தோணல. எனக்கு எடுக்க அதிகாரம் இருக்கு, வைக்க அதிகாரம் இல்லை. சட்டத்தைத் திருத்தணும்னா டெல்லிக்கு எழுதணும். எழுதறேன். பதில் வர்றதுக்குள்ள அந்தக் குஞ்சோட குஞ்சு முட்டை போட்டுரும்."

"அடைகாப்பான்கிட்ட சொன்னேன் சார். என் கருத்து பயனுள்ளதுன்னு சொல்லுது. சிப்பித்திடல்ல இருந்து நரியை அகற்றலாம்னு யோசனை சொல்லுது."

"அது அப்படித்தான் சொல்லும். அதுக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதானே."

"மாடியில முட்டை பொரியலன்னா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலப் பட்டது.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "பொரியலன்னா அது கூடு நிலம் இல்லை. கோப்பை மூடிரலாம். ஆனா மனுஷன் கை பட்டுதுன்னா ஏழு வருஷம் உள்ள. மாடியில கண்ணு இருக்கு, மறந்துராதே. அந்த ஜனங்ககிட்டயும் சொல்லி வை, எவனாவது ஆத்திரத்துல ஏதாவது பண்ணிடப் போறான்."

அதைச் சொல்லி வைக்கத்தான் போனேன். அது என் கடமை. குழாயடியில் பூங்கனியும் வேறு சில பெண்களும் குடத்தோடு நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. இயக்குநர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"குஞ்சு பொரிஞ்சா போவணும். பொரியலன்னா போவண்டாம். நாங்க தொட்டா ஜெயிலு. அதானே?" என்று பூங்கனி கேட்டாள்.

"ஆமாம்."

"காத்து மழையில போச்சுன்னா?"

"அதுக்கு யாரும் பொறுப்பில்லை."

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "எப்பம் பொரியும்?"

"ஆடி அமாவாசை கழிந்து ரெண்டு மூணு நாள்ல."

"அமாவாச முன்னால வருதோ?" என்றாள்.

"முன்னாலதான்."

சரி என்று தலையசைத்துவிட்டுப் போனாள். நான் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண்கள் குடத்தோடு படியேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் அடைகாப்பான் கூப்பிட்டது. "மாடிக் கூடு தோல்வி. நேரில் உறுதிசெய்யவும்."

படியேறினேன். எந்த வீட்டுக் கதவும் திறந்திருக்கவில்லை, ஆனால் உள்ளே எல்லோரும் இருந்தார்கள் என்பது தெரிந்தது. மாடிக் கதவைத் தள்ளினேன். தலைக்கு மேல் சத்தமே இல்லை.

கைப்பிடிச் சுவர் நீளத்துக்கும் வாழையிலைத் துண்டுகள் காய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் சோறும் எள்ளும் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு ஒன்று. ஒரு வீடும் பாக்கியில்லை. நான்கு பக்கச் சுவரும் போதாமல் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலும் வைத்திருந்தார்கள். தொட்டிக்குக் கீழே அந்தக் குழி இருந்தது. ஓட்டுத் துண்டுகள், கொஞ்சம் ஈரம், எறும்பு. பொரிய இன்னும் கொஞ்ச நாளே இருந்ததால் உள்ளே இருந்தது முட்டை என்று சொல்கிற நிலையில் இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

"மாடிக் கண்ணின் பதிவு: காகங்கள் வந்தன. உணவு வைத்தவர்கள் பலர். கூட்டைத் தொட்ட மனிதர் யாருமில்லை" என்றது அடைகாப்பான். "உணவு வைத்ததன் காரணத்தைக் கள அலுவலர் கூறவும்."

பின்னால் காலடி கேட்டது. பூங்கனி வந்து நின்றாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. முட்டைக் குழியின் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

"யாருக்குச் சோறு வச்சீங்க பூங்கனி?" என்று கேட்டேன்.

"எம் பிள்ளைக்கு."

"சின்னக் குழந்தைக்கு வைக்கும் வழக்கமுண்டா?"

"வழக்கமில்ல. பெரியவியளுக்குத்தான் வைப்பாவ. நான் வச்சேன்." சுவரில் கிடந்த இலைகளைப் பார்த்தாள். "காக்கா கீழ குழாயடிக்கு வர மாட்டேங்குன்னு மேல வச்சேன். அப்பிடின்னு எழுதிக்கிடுங்க." பிறகு சட்டென்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "அந்தத் தாய்ப் பறவை நேத்து சாயங்காலம் பூரா கத்திச்சு மேடம். நான் காதப் பொத்திட்டுக் கெடந்தேன். எனக்குத் தெரியாதா அது என்னன்னு?"

"காரணத்தைக் கூறவும்" என்றது குரல் மறுபடி.

"ஆடி அமாவாசை. முன்னோர் வழிபாடு" என்றேன்.

"வழிபாட்டு வழக்கம். சட்டப்படி விலக்கு. கூடு தோல்வி, காரணம் காகம். கோப்பு மூடப்பட்டது. நன்றி, மேகலா."

அதை அவளிடம் சொன்னேன். அவள் கை கூப்பினாள். அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. படியில் இறங்கும்போது ஒரு வீட்டு வாசலில் ஒரு பழைய சேலையை நான்காக மடித்து வைத்திருந்தார்கள். குஞ்சுகளைப் பிடிக்க எடுத்து வைத்த சேலையாக இருக்கும்.

அமாவாசைச் சோற்றுக்கு விலக்கு உண்டு என்ற விவரம் எப்படியோ பரவிவிட்டது. அந்த வருடம் மண்டலம் முழுக்க மாடிகளிலும் பொட்டல்களிலும் கூடுகள் தோற்றுக்கொண்டே இருந்தன. காரணம் காகம், காரணம் காகம் என்று அடைகாப்பான் அடுக்கியது. எந்த மனிதரும் எந்தக் கூட்டையும் தொடவில்லை. ஊருக்கு ஊர் மக்களுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்று கிருபாகரன் சொன்னார், சிரிக்காமல். டெல்லியிலிருந்து பதில் வரவில்லை. சிப்பித்திடலில் நரிகளைப் பிடித்து அகற்றினார்கள். அதன் பிறகு கீரிகள் அதிகமாயின.

மறுவருடம் பங்குனி. காலையில் அப்பாவுக்கு முகம் துடைத்து, தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையை லேசாகத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"இரு. கேக்குதா?"

எனக்கும் கேட்டது. மேலே, எங்கள் கட்டடத்துக்கு மேலே, ஒன்று கத்த மற்றொன்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆள்காட்டி!" என்றார் அப்பா. அவர் முகம் மலர்ந்து நான் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. "சின்ன வயசுல கேட்டது. எங்க போச்சு, எங்க போச்சுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஜோடியா வந்திருக்கு பாரு. நம்ம மாடியில கூடு கட்டப் போகுது மேகலா. எனக்கு இனிமே பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கு."

"ஆமாம்பா" என்றேன்.

அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே இரண்டு ஆள் வேண்டும். போன முறை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது மூச்சு நின்று திரும்ப வந்தது. தகரக் கொட்டகையில் மின்விசிறி இருக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு பூங்கனி வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் நினைவுக்கு வந்தது.

என் தோள்கண் ஆணியில் சுவரைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மாட்டவில்லை. அம்மா இறந்து பல வருடமாகிறது, இதுவரை அவளுக்காக ஒரு பருக்கைச் சோறுகூட நான் காக்கைக்கு வைத்ததில்லை. அப்பா இன்னும் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாலைக் கொடுத்துவிட்டு, சமையலறைச் சுவரில் இருந்த நாட்காட்டியைக் கையில் எடுத்து, அடுத்த அமாவாசை என்றைக்கு என்று பார்த்தேன்.